கூப்பிடாமலே திரும்பிய பிள்ளை

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைதான் பேசினாள்.

"மிஸ், அலுமாரிக்குள்ள ஒரு பழைய பிஸ்கற் பெட்டி கிடக்கு. உள்ளுக்கு ஒரு கிலுகிலுப்பை, ஒரு கோப்பை, கரண்டி, கொஞ்சம் கசங்கின பேப்பர். எறியட்டா?"

எனக்கு வந்ததே ஒரு கோபம். "அதில கை வைச்சியெண்டா அன்புவழிபுரத்திலயிருந்து சைக்கிள்ல வந்து உன்னைத் தூக்கி எறிவன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "அப்பிடி என்ன மிஸ் அதுக்குள்ள இருக்கு? எழுதித் தாங்கோவன், நாங்களும் அறியிறதுக்கு" என்று கொக்கி போட்டுவிட்டு வைத்துவிட்டாள். சரி, எழுதுகிறேன். வாசித்த பிறகும் எறியத்தான் போகிறாள் என்றால், எறியட்டும். எறிய மாட்டாள்.

வேலைக்காலம் முழுவதும் நான் செய்தது ஒரே வேலை. ஆட்களுக்குக் காது கேட்கிறதா, எவ்வளவு கேட்கிறது என்று அளப்பது. என் பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பாவித்ததில்லை. மூதூரிலும் சரி, ஈச்சிலம்பற்றிலும் சரி, நான் "காது பாக்கிற மிஸ்" தான். மீன் வாங்கப் போனால், "மிஸ், கொஞ்சம் பலத்துக் கதைங்கோ, கேக்கேல்ல" என்று பகிடி விடுவார்கள். விலையைக் குறைத்துக் கேட்டால் மட்டும் அவர்களுக்கு உண்மையாகவே கேட்காது.

இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு புதிய மெசின் வந்திருக்கிறது. பிறந்த பிள்ளை நித்திரையில் இருக்கும்போதே காதுக்குள் சின்னக் குழாய் ஒன்றை வைத்துச் சத்தம் அனுப்பினால், உட்காது நன்றாக இருந்தால் அதுவே மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பி அனுப்பும். மெசின் அதைப் பிடித்துவிடும். அருமையான சாமான். எங்கள் காலத்தைப்போல வருமா என்று மூக்கால் அழுகிற ஆள் நான் இல்லை. அது அன்றைக்கு இருந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு முன்கூட்டியே வழி பிறந்திருக்கும்.

ஆனால் அந்த மெசின் காதோடு மட்டும்தான் பேசுகிறது. சத்தம் செவிப்பறையை அதிர வைக்கிறது, அதன் பின்னாலுள்ள மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை உள்ளே தள்ளுகின்றன, நத்தை ஓடுபோலச் சுருண்ட உட்காதில் இருக்கும் மயிர்க்கலங்கள் அதை மின்சாரமாக்கி நரம்பில் ஏற்றுகின்றன. இவ்வளவும் காதின் வேலை. வந்தது அம்மாவின் குரலா, அடுத்த வீட்டு நாயா என்று தீர்மானிப்பது மூளை. அந்த மூளை என்ன சொல்கிறது என்று அறிய வேண்டுமானால் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். பிஸ்கற் பெட்டி அதற்குத்தான்.

கொழும்பில் படித்த காலத்தைச் சொல்லி உங்களை நித்திரையாக்க மாட்டேன். படித்தேன், சோதனை எழுதினேன், ஊருக்கு வந்தேன். உண்மையான படிப்பு எங்கள் காது டொக்டரிடம்தான் தொடங்கியது.

அவர் தென்பகுதிக்காரர். தமிழை இங்கே வந்துதான் படித்தார், அதனால் அவர் பேசுவது செய்தி வாசிப்பதுபோல இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு, தலையில் மல்லிகைச் சரம், முகத்தில் பவுடர், கை நிறையக் கண்ணாடி வளையல் என்று மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதுபோல வந்து நின்றேன். அவர் வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார்.

"மிஸ், தயவுசெய்து முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள். பூவையும் வளையலையும் வெளியே வைத்துவிடுங்கள்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பி வந்த பிறகுதான் காரணத்தைச் சொன்னார். சின்னப் பிள்ளைக்குக் காது பார்ப்பது இப்படித்தான். பிள்ளை தாயின் மடியில் இருக்கும். எதிரே ஒருவர் விளையாட்டுச் சாமான் காட்டி அதன் கவனத்தைப் பிடித்து வைத்திருந்து, பிறகு மெதுவாக ஒளித்துவிடுவார். பிள்ளையின் மனம் வெறுமையாகும் அந்த நேரம் பார்த்து, பின்னால் நிற்பவர் காதுக்கு நேரே, பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, கிலுகிலுப்பையை மெல்ல ஆட்ட வேண்டும், அல்லது கோப்பை விளிம்பில் கரண்டியை உரச வேண்டும். பிள்ளை திரும்பினால் கேட்கிறது என்று அர்த்தம்.

"ஆனால் பிள்ளை உங்கள் நிழலுக்கும் திரும்பும், காலடி அதிர்வுக்கும் திரும்பும், உங்கள் மல்லிகைப் பூவுக்கும் திரும்பும்" என்றார். "நீங்கள் காது நல்லது என்று எழுதிக் கொடுப்பீர்கள். நல்லது மூக்குத்தான்."

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். இடையிடையே பின்னால் போய் நின்று எந்தச் சத்தமும் போடாமல் சும்மா நிற்க வேண்டும். அதற்கும் பிள்ளை திரும்பினால் முழுச் சோதனையும் குப்பை. இதை நாங்கள் வெறும் முறை என்று சொல்வோம். பெரிய ஆட்களுக்கும் அது உதவியது. மூதூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், சத்தம் கேட்டால் அமத்தச் சொல்லிக் கொடுத்த பொத்தானை, நான் சத்தம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒழுங்காக அமத்திக்கொண்டே இருந்தார். ஏன் சேர் என்று கேட்டால், "இவ்வளவு கஷ்டப்பட்டு வைக்கிறீங்க மிஸ், கேக்கல்லையெண்டு எப்பிடி முகத்துக்கு நேர செல்லுற?" என்றார். மரியாதைக்காகக் காது கேட்கிற ஆட்கள் எங்கள் பக்கத்தில் நிறையப்பேர்.

படகோட்டிகளின் கதை வேறு. அவர்கள் எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தே காலத்தைக் கழிப்பவர்கள். எஞ்சின் பக்கத்துக் காது முதலில் போகும், அதிலும் கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும். மேளம் கேட்கும், லொறி கேட்கும், ஆனால் பேச்சில் பாதி எழுத்து விழாது. உப்புவெளிக்காரர் ஒருவர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது மிஸ். மனிசிதான் வாய்க்குள்ள கதைக்கிறாள்." வெளியில் நின்ற மனைவி கதவைத் திறந்து, "நானோ வாய்க்குள்ள கதைக்கிறன்? நான் கதைச்சா துறைமுகத்தில நிக்கிற கப்பலுக்கும் கேக்கும்!" என்றாரே பார்க்கலாம். நான் மெசினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டு போன வேலையில்தான் ஹனா வந்தாள்.

அவளுக்கு இரண்டரை வயது. கிண்ணியாவிலிருந்து தாயும் தகப்பனும் கொண்டுவந்தார்கள். இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை. தகப்பன் நசீர் மீன் வியாபாரி, சொந்தமாகக் கூலர் லொறி வைத்திருந்தார். அண்ணனை அங்கே நானா என்பார்கள், எனக்கும் அவர் நசீர் நானாதான். ஆனால் அவரைப் பார்த்தால் மீன் வியாபாரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளைச் சட்டை, மடிப்புக் குலையாத சாறன், ஆள் வரும் முன்னே வந்துவிடும் அத்தர் வாசம். மீன் வாடையோடு மகளைத் தூக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். லொறியால் இறங்கியதும் குளித்து, அத்தர் பூசிய பிறகுதான் பிள்ளையைத் தொடுவார் என்று தாய் றிஸ்வானா சொன்னார்.

தகப்பனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஹனாவைத் தாயின் மடியில் வைத்துச் சோதித்தேன். எங்கள் உதவியாளர் தவமணி முன்னால் இருந்து பொம்மை காட்டினார். நான் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினேன். பிள்ளை திரும்பவில்லை. கோப்பை, கரண்டி, பேப்பர் எதற்கும் இல்லை. மெசினில் பலத்த சத்தம் வைத்தபோது மட்டும் ஒருமுறை கண் இமைத்தாள். விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. பேச்சைப் பழகுவதற்கென்று மூளைக்கு ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவத்தில் சத்தம் போய்ச் சேராவிட்டால், பிறகு எவ்வளவு மெசின் பூட்டினாலும் பேச்சைக் கொண்டுவருவது மிகவும் கடினம். அந்தப் பிள்ளைக்கு நாள் போய்க்கொண்டிருந்தது.

நசீர் நானாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"என்ட புள்ளைக்குக் காது கேக்கும் மிஸ். நான் கூப்புட்டாத் திரும்புவா. ஒங்கட மெசினுக்குத்தான் காது கேக்கல்ல போல."

"சரி, கூப்பிட்டுக் காட்டுங்கோ நானா" என்றேன்.

அவர் வெளியே போய், கதவைத் திறந்துகொண்டு பின்பக்கமாக வந்து, "ஹனா! மகள்!" என்றார். பிள்ளை பொம்மையை விட்டுவிட்டுத் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். இன்னொருமுறை செய்யச் சொன்னேன். மறுபடியும் திரும்பினாள். நசீர் நானா என்னைப் பார்த்த பார்வையில், இவளையெல்லாம் யார் வேலைக்கு வைத்தது என்ற கேள்வி அப்படியே இருந்தது.

நான் அசரவில்லை. கிலுகிலுப்பைக்குக் கண்ணைக்கூட அசைக்காத பிள்ளை ஒரு குரலுக்குத் திரும்புகிறது என்றால், அது குரலுக்குத் திரும்பவில்லை. வேறு எதற்கோ திரும்புகிறது. கதவு திறக்கும்போது வரும் காற்றா? தவமணியை அதேபோலக் கதவைத் திறந்து வரச் சொன்னேன். பிள்ளை திரும்பவில்லை. காலடி அதிர்வா? எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தோம், இல்லை. பிள்ளையைத் தவமணியின் மடிக்கு மாற்றிவிட்டு, தாயை வெளியே போய் வந்து கூப்பிடச் சொன்னேன்.

றிஸ்வானா தயங்கினார். "நான் கூப்புட்டாத் திரும்பமாட்டா மிஸ். அவ வாப்பாட செல்லம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அது சிரிப்பே இல்லை. வந்து நின்று, கெஞ்சுகிற மாதிரி ஒருமுறை கூப்பிட்டார். பிள்ளை பொம்மையின் கண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது.

"கண்டீங்களா? நான் கூப்புட்டாத்தான்" என்றார் நசீர் நானா, பெருமையாக.

அப்போதுதான் என் மல்லிகைப் பூ எனக்கு நினைவு வந்தது.

"நானா, கடைசியா ஒருக்கா வாங்கோ. ஆனா நான் கை காட்டின பிறகுதான் கூப்பிடவேணும். அதுவரைக்கும் மூச்சுக் காட்டக்கூடாது."

அவர் வெறுங்காலோடு உள்ளே வந்து, பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்றார். நான் கையைத் தூக்கவே இல்லை. தவமணி பொம்மையை மெல்ல ஒளித்தார். ஹனா ஒரு கணம் சும்மா இருந்தாள். பிறகு முகத்தைச் சற்று நிமிர்த்தினாள், மூக்கு விரிந்தது, முழு உடம்போடும் திரும்பித் தகப்பனைக் கண்டு கை இரண்டையும் நீட்டினாள்.

"நான் இன்னும் கூப்பிடல்லையே" என்றார் நசீர் நானா.

"ஓம் நானா. உங்கட அத்தர் கூப்பிட்டிட்டுது."

அவர் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றார். நான் வேலையில் எத்தனையோ முகங்களைக் கண்டிருக்கிறேன், அந்த முகத்தை மட்டும் மறக்க ஏலாது. "அப்ப இவ்வளவு காலமும் என்ட சத்தம் எண்ட ஒண்டே இவவுக்குத் தெரியாதா, மிஸ்?" என்று கேட்டார். பிள்ளையை அவர் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு டொக்டரைக் கூட்டிவரப் போனேன்.

டொக்டர் வந்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. நின்றுகொண்டு சொல்லவே மாட்டார். பிள்ளைகள் இருக்கும் குட்டிக் கதிரையை இழுத்துப் போட்டு, முழங்கால் நாடியில் முட்ட அதில் இருந்து, பெற்றவர்களை அண்ணாந்து பார்த்துத்தான் பேசுவார். "உங்கள் பிள்ளை காது உதவாமலே உங்களைக் கண்டுபிடிக்கிறாள். மிகவும் கெட்டிக்காரி. அந்த மூளைக்குச் சத்தம் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அவசரம். கொழும்புக்கு அனுப்பிப் பெரிய சோதனை செய்வோம்."

நசீர் நானா தலையை ஆட்டினார், ஒத்துக்கொள்ளும் ஆட்டம் இல்லை அது. "எங்கட வாப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர். பொம்புளப் புள்ளைக்குக் காதில மெசினப் பூட்டினா நாளைக்கு ஆரு கட்டுவான்?" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அத்தர் வாசம் மட்டும் அறையில் நின்றது. வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு இரவு சரியான நித்திரை இல்லை.

அவர் வரவில்லைதான். அடுத்த கிளினிக்குக்கு றிஸ்வானா தனியாக, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"கொழும்புக்குத் துண்டு தாங்க மிஸ்."

"நானா என்ன சொல்லுவார்?"

"அவருக்கு நான் செல்லுறன்." இவ்வளவு நாளும் தலை நிமிராமல் பேசிய பெண் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டரை வருஷமா இந்தப் புள்ளைக்கு என்னப் புடிக்கல்ல எண்டுதான் நெனச்சன் மிஸ். வாப்பா வந்தா ஓடுவா. நான் கூப்புட்டா ஏறெடுத்தும் பாக்கமாட்டா. மாமி சிரிப்பா, மச்சிமார் சிரிப்பாங்க. நான் குசினிக்குள்ள போய் அழுவன். அண்டைக்குத்தான் விளங்கிச்சு, நான் கூப்புட்டது அவவுக்குக் கேக்கவே இல்ல எண்டு. இனி என்ன வந்தாலும் நான் நிறுத்தமாட்டன்."

கொழும்பு ஆஸ்பத்திரிக்கான சிபாரிசுத் துண்டை என் கையால் எழுதிக்கொண்டுபோய் டொக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். அன்று எனக்கு இருந்த சந்தோசத்துக்குத் தவமணிக்கு றோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கொழும்புக்கு லொறியில் கொண்டுபோனது நசீர் நானாதான். இரண்டு காதிலும் கேட்கும் சக்தியில் பெரும்பகுதி இல்லை, ஆனால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று அங்கே உறுதிப்படுத்தினார்கள். அந்த மிச்சத்தைப் பிடித்துத்தான் இரண்டு காதுக்கும் கருவி பூட்டினோம்.

பூட்டியதும் பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. ஹனா முதல் நாள் கருவியைப் பிடுங்கி எறிந்தாள். இவ்வளவு நாளும் சத்தமே போகாத மூளைக்கு அது வெறும் இரைச்சல். எந்த இரைச்சல் எந்த ஆளுடையது, எது வேண்டும், எது வேண்டாம் என்று அது ஒவ்வொன்றாகப் பழக வேண்டும். "முதல்ல கூப்பிடுங்கோ, பிறகுதான் முகத்தைக் காட்டுங்கோ, பிறகுதான் சாப்பாட்டைக் காட்டுங்கோ. குரல்தான் முதல்ல போகவேணும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்தமுறை நசீர் நானா அத்தர் இல்லாமல் வந்தார். "போத்தல இவ பூட்டி வெச்சிட்டா மிஸ்" என்று மனைவியைக் காட்டினார். வந்த அவசரத்தில் லொறியிலிருந்து அப்படியே இறங்கி வந்திருந்தார். வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஆள் வெட்கத்தால் கூனிப்போய் நின்றார். உள்ளே வந்தாரோ இல்லையோ, ஹனா திரும்பிக் கை நீட்டினாள்.

"நானா, மீனும் மணக்கும்தானே" என்றேன்.

"அப்ப நான் என்னதான் செய்யிற? தோலக் கழட்டி வெச்சிட்டா வாற?"

தவமணி சிரித்த சிரிப்பில் பொம்மை கீழே விழுந்தது. நசீர் நானாவும் சிரித்துவிட்டார். அவர் எங்கள் அறையில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஒரு வழி செய்தேன். எங்கள் சோதனை அறைக்கு வெளியே, தடித்த கண்ணாடிக்கு அப்பால் சின்ன அறை ஒன்று உண்டு. அங்கிருந்து மைக்கில் பேசினால், உள்ளே பிள்ளையின் இடப்பக்கத்து ஒலிபெருக்கியில் கேட்கும். வெளி அறை விளக்கை அணைத்துவிட்டால் பிள்ளைக்கு எங்களைத் தெரியாது. அந்த வழியால் மணமும் போகாது, நிழலும் போகாது, குரல் மட்டும்தான் போகும். வருகிறபோதெல்லாம் நசீர் நானா மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டார். ஹனா திரும்பவில்லை. "மெசின் வேல செய்யுதில்ல மிஸ்" என்று முணுமுணுப்பார். "மெசின் செய்யுது, பிள்ளைதான் இன்னும் படிக்குது" என்று நானும் விடாமல் சொல்வேன். இப்படியே சில மாதங்கள் போயின.

ஒருநாள் அவர் கூப்பிட்டுக் களைத்துப்போய் மைக்கை வைத்துவிட்டார். நான் அதை எடுத்து றிஸ்வானாவிடம் நீட்டினேன். அவர் பின்வாங்கினார். "எனக்குத் திரும்பமாட்டா மிஸ்." பழைய பயம் இன்னும் போகவில்லை. "நீங்கள்தானே நாள் முழுக்க வீட்டில கூப்பிடுறீங்கள். இங்கையும் ஒருக்காக் கூப்பிடுங்கோ" என்று கையில் திணித்தேன்.

அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். பலத்துக் கத்தவில்லை. சோறு ஊட்டப் போகிறபோது கூப்பிடுகிற மாதிரி, நீட்டி, தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

"ஹனா... என்ட புள்ள..."

கண்ணாடிக்கு அப்பால் ஹனாவின் கை பொம்மையில் நின்றது. தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது. அங்கே யாருமே இல்லை. ஒலிபெருக்கிப் பெட்டி மட்டும்தான் இருந்தது. அவள் அந்தப் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தவமணியின் மடியிலிருந்து இறங்கிப்போய், பெட்டிக்குப் பின்னால் எட்டி, உம்மாவைத் தேடினாள்.

நசீர் நானா சுவர்ப் பக்கம் திரும்பித் தோள் குலுங்க அழுதார். எனக்கும் கண் மறைத்தது, ஆனால் வேலை நேரத்தில் அழுவது எனக்குப் பிடிக்காது, அதனால் மெசினின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். றிஸ்வானா மட்டும் அழவில்லை. மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னொருக்காக் கூப்பிடட்டா, மிஸ்?"

"கூப்பிடுங்கோ" என்றேன். வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழந்து கதவைத் தட்டும்வரை அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.